வெறும் தகரம்

தொட்டியின் மேல் போர்த்தியிருந்த தகரத்தை ஜெப்சி விரல் கணுவால் தட்டினாள். டங்கென்று காலி டப்பாவைப் போல ஒலித்தது. உள்ளே நெருப்பு தாங்கும் பஞ்சு இருந்தால் பொத்தென்று அடங்கியிருக்கும். தள்ளிப் போய்த் தட்டினாள். அங்கேயும் டங்.

"ஜெயபால் அண்ணே, இதுக்குள்ள பஞ்சு வைக்கலையா?"

பாய்லர் பார்க்கும் ஜெயபால் கழுத்து வியர்வையைத் துடைத்தார். "தகரம் அடிக்க வந்தவய்ங்க அடிச்சிட்டுப் போயிட்டாய்ங்க தாயி. உள்ள என்ன இருக்குன்னு யாரு பாத்தா?"

மாரியூர்க் கடலோரத்தில் இருந்த அந்த நண்டுக் கம்பெனியின் கேஸ் தொட்டிக்கு வால்வின் அளவைக் கணக்கிட்டவள் ஜெப்சி. சுற்றிலும் தீப்பிடித்தால் உள்ளே திரவம் கொதிக்கும்; கிளம்பும் வாயு முழுவதையும் வால்வு வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி வெடிக்கும். பஞ்சு உறை போடுவோம் என்று கம்பெனி உறுதி சொன்னதால் சின்ன வால்வே போதுமென்று கணக்கு வந்தது. உறை இல்லாத தொட்டிக்கு அதைப்போல மூன்று மடங்கு வேண்டும்.

"இன்னைக்கே தொட்டியக் காலி பண்ணணும்ணே."

"மொதலாளி போன எடுக்கட்டும், சொல்லுவம்."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. வேலிக்கு அப்பால் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, நாள் கணக்கில் புகையவிட்டிருந்த கரிமூட்டங்களிலிருந்து எப்போதும் வருகிற ஈரப் புகையின் வாடை இல்லை அது; காய்ந்த சுள்ளி சடசடவென்று எரிகிற, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாடை, கடல்காற்றின் உப்போடும் நண்டுக் கவிச்சியோடும் கலந்து, சாயும் வெயிலில் தொட்டியின் நிழல் நீண்டு கிடந்த மணல்மேல் ஊர்ந்து வந்தது. வேலியோரம் முழுக்க வெட்டிப் போட்ட முள். காற்று திரும்பியிருந்தது.

"தண்ணியத் தெளிச்சா அடங்கிரும். வா தாயி!"

இருவரும் கிணற்றடிக்கு ஓடினார்கள். பம்பு உறுமியது. தொட்டிக்கு மேலே வளைந்து போன குழாய் இருமியது, கொஞ்சம் சேற்றைத் துப்பியது, பிறகு வெறும் காற்றை ஊதியது. கிணற்றில் தண்ணீர் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது முள் எரிந்து, தீ முற்றத்தின் குறுக்கே வந்துவிட்டது. தொட்டியும் கட்டடமும் தீக்கு அந்தப் பக்கம். கட்டடத்துக்குள் நண்டு உரிக்கும் அறை. அங்கே அவள் அம்மா யாகப்பம்மாள்.

போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் எல்லார் போனும் பெட்டிக்குள் கிடக்கும்.

"நான் ரோட்டு வழியாச் சுத்திப் போயி ஆளுகள வெளியேத்துறேன். நீ இங்கனயே நில்லு!" ஜெயபால் ஓடினார். புகை அவரை மூடியது.

தகரம் சுருண்டு விழுந்தது. உள்ளே வெறும் இரும்பு. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியது.

வால்வு திறந்தது.

அந்த அலறலில் காது அடைத்தது. வாயு தீப்பற்றி, பனையை விட உயரமாக எரிந்தது. ஜெப்சி சத்தத்தையே கவனித்தாள். வால்வு போதுமானால் சத்தம் ஒரு நிலையில் நிற்கும்.

நிற்கவில்லை. ஏறியது. இன்னும் ஏறியது.

உள்ளே திரவம் இறங்கிவிட, அதற்கு மேலே காய்ந்து நின்ற இரும்பு சிவக்கத் தொடங்கியது.

கட்டடத்தின் பின்கதவு திறந்தது. முன்பக்கம் புகை அடைத்திருக்க வேண்டும். வெள்ளை அங்கியும் தொப்பியுமாகப் பெண்கள் இருமிக்கொண்டு வந்தார்கள். அனல் முகத்தில் அடித்தது. ஒதுங்க இடம் தேடினார்கள். அனல் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தொட்டியின் மறைவு.

"அங்கன போகாதீய! அம்மா! அங்கன வேணாம்மா!"

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தீயை நோக்கி ஓடினாள். முடி பொசுங்கியது. கால் தானாகப் பின்வாங்கியது.

தீயின் இடைவெளியில் யாகப்பம்மாள் மகளைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் உயர்த்தி, வராதே, வராதே என்று ஆட்டினாள். பிறகு தடுமாறி நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து, தொட்டியை ஒட்டி உட்காரவைத்தாள். அவர்கள் தலைக்கு மேலே இரும்பு மெதுவாக உப்பிக்கொண்டிருந்தது.