சொல்தா தாத்தாவின் நேர்மை முகாம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கேக் டின்னைக் காணவில்லை.

2008, ஜூலை 13. புதுச்சேரிக்குத் தெற்கே, சின்ன வீராம்பட்டினம் கடற்கரையை ஒட்டிய சவுக்குத்தோப்பு. இரண்டு கூடாரங்கள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு கொடிக்கம்பம். கம்பத்தடியில் நின்றுகொண்டு தாத்தா எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். எல்லாரும் என்றால் மூன்று பேர். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அமேலி, அவள் தம்பி கியோம், லாஸ்பேட்டையில் இருக்கும் அவர்களுடைய அத்தை மகன் செம்மல்.

தாத்தாவின் பெயர் ஜாக் தெய்வசிகாமணி. ஊரில் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் புதுச்சேரி வைத்திருக்கும் பெயர் அது. அவருடைய படைவாழ்க்கையின் பெரும்பகுதி ஒரு கம்பளிக் கிடங்கில் கழிந்தது. ஆனால் அவர் கம்பளியைப் பற்றிப் பேசினாலும் கேட்பவர் காதில் பீரங்கி வெடிக்கும்.

ஒவ்வொரு ஜூலையிலும் பேரப்பிள்ளைகளைக் கூடாரத்தில் தங்க வைத்து ஒரு பண்பைக் கற்றுக்கொடுப்பது அவர் வழக்கம். போன வருஷம் துணிவு. இந்த வருஷம் நேர்மை. முகாம் முடிவில் அந்தப் பண்புக்கு ஒரு பரிசும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு வரமுடியாத பிள்ளைகளுக்காக அவர் மனைவி ஆயா ழனெத் ஜூலையிலேயே ரவையும் ரம்மும் சேர்த்து கிறிஸ்துமஸ் கேக் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். நேற்று மாலை தாத்தா அந்த டின்னைச் சாமான் கூடாரத்தில், மரப்பெட்டியின் மேல் வைத்தார். இதற்குப் பூட்டு கிடையாது, அவரவர் மனசாட்சிதான் பூட்டு என்று அறிவித்தார். பிறகு கடலைப் பார்த்து நின்று மறுநாள் ஆற்றப்போகும் உரையை ஒத்திகை பார்த்தார். கேட்க ஆள் இல்லை என்று அவர் நினைத்தார். சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த அமேலி கேட்டாள். தவறு செய்த ஒரு சிறு பிள்ளை, அதை ஒப்புக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் அழகைப் பற்றிய உரை. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். அங்கங்கே தாத்தாவுக்கே தொண்டை அடைத்தது.

இப்போது பெட்டி இருந்தது, டின் இல்லை. கூடாரத்தின் வாசல் துணியைச் சுருட்டிக் கட்டியிருந்ததால் அது வெளியிலிருந்தே தெரிந்தது.

"யாரும் மணல்ல கால் வைக்காதீங்க," என்றார் தாத்தா. "சாட்சியே அதான்."

சாமான் கூடாரத்தின் பின்பக்கமும் இரு பக்கங்களும் முள்வேலி. உள்ளே போக முன்பக்கம் மட்டுந்தான் வழி. அந்த முன்பக்கத்து மணலைத் தாத்தா தென்னந்துடைப்பத்தால் பெருக்கியிருந்தார். வீட்டில் துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. முகாமில் மட்டும் அது ராணுவ ஆயுதம். கூடாரத்து வாசலில் தொடங்கி, பின்னால் நடந்துகொண்டே, தன் கால் தடத்தையும் தானே அழித்துக்கொண்டு வெளியே வருவார். விசிறி விசிறியாகக் கோடுகள் விழுந்து, கோயில் வாசல் கோலம் போல இருக்கும்.

அந்தக் கோடுகளின் மேல் ஒரே ஒருவரின் தடம். சின்னப் பாதம், வெறுங்கால். கூடாரத்து வாசலோரம் இருந்த தண்ணீர்க் கேன்வரை போய்த் திரும்பியிருந்தது.

"யார் கால் இது?"

"என்து தாத்தா," என்றான் செம்மல்.

விசாரணை தொடங்கியது. விடிந்ததும் மணலைப் பெருக்கியதாகவும், அதற்குப் பிறகுதான் பிகில் ஊதி எல்லாரையும் எழுப்பியதாகவும், பெருக்கிய பிறகு தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றும் தாத்தா முதலில் தன் வாக்குமூலத்தைத் தானே பதிவு செய்துகொண்டார். பிகிலுக்குப் பிறகு மூன்று பிள்ளைகளும் கடற்கரையில் ஓடப் போனார்கள். ஆயா கடலைப் பார்த்தபடி அடுப்படியில் உட்கார்ந்தாள். பிள்ளைகளில் முதலில் திரும்பியவன் செம்மல்.

"ஏன் முன்னாடியே வந்த?"

"தாகமா இருந்துச்சு."

"தண்ணி மட்டுந்தான் எடுத்தியா?"

"தண்ணி மட்டுந்தான்."

கேக் எடுத்தவனுக்கே மீதிக் கேக்கும் கிடைக்குமா என்று கியோம் கேட்டான். அவனை யாரும் பொருட்படுத்தவில்லை.

தாத்தா செம்மலின் தோளில் கை வைத்தார். குரல் நேற்று ஒத்திகையில் கேட்ட குரலாக மாறியது. மறுநாள் ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தினம். முன்னாள் படைவீரர்களின் ஊர்வலத்தில் சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கச் செம்மலைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாத வீட்டுப் பிள்ளை அந்தக் கொடியைத் தொடுவது இதுதான் முதல் தடவை. சங்கத்தில் தாத்தா சண்டை போட்டு வாங்கிக்கொடுத்த இடம் அது. செம்மல் ஒரு மாதமாகக் கொல்லையில் மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு நடந்து பழகியிருந்தான்.

"ஒத்துக்க. எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லு, மன்னிச்சிடறேன். கொடியும் உனக்குத்தான், நேர்மைப் பரிசும் உனக்குத்தான். சொல்லலன்னா, திருடன் கையில கொடியக் குடுக்க முடியாது."

செம்மல் அழவில்லை. கீழுதட்டை மட்டும் கடித்துக்கொண்டான்.

"நான் எடுக்கல. எடுக்காதத எடுத்தேன்னு சொன்னா, அப்பதான தாத்தா பொய்யாவும்?"

அமேலிக்குச் சுருக்கென்றது. நேர்மைப் பரிசை வாங்க அவன் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. அதை அவன் மட்டும் கவனித்திருக்கிறான்.

தோப்புக்கு வெளியே, சாலையோரம், செம்மலின் அப்பா இராமதாஸ் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை பார்த்த மில் மூடிய பிறகு வாடகை வேன் ஓட்டுகிறவர். இவர்களைக் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தச் செய்தி அவர் காதுக்குப் போகும். மாமனார் வீட்டு முகாமில் உன் மகன் திருடினான் என்று. அமேலி மணலின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள். பதின்மூன்று வயதுக்கு அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பொருளை மூன்று தடவை பார்க்காமல் நம்பமாட்டாள்.

முதல் தடவை செம்மலின் தடத்தைப் பார்த்தாள். இரண்டாம் தடவை துடைப்பக் கோடுகளைப் பார்த்தாள். ஒரு கோடுகூடக் கலையாமல், ஓரம்வரை கூர்மையாக இருந்தது. மூன்றாம் தடவை அங்கே இல்லாததைப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"ஆயா, காபித்தூள் எப்ப எடுத்தீங்க?"

"பிகில் சத்தத்துலதான் எனக்கே முழிப்பு வந்துச்சு. நீங்க ஓடப் போனதும் எடுத்தேன்."

"அப்ப டின் இருந்துச்சா?"

"அதத் தூக்கி வச்சிட்டுத்தான தூள எடுத்தேன்? பாரமா இருந்துச்சே."

"இதத் தாத்தாகிட்ட சொல்லலயா?"

"அவரு என்னைய எங்க கேட்டாரு?" ஆயா எழுந்து, முட்டிவலிக் காலை மணலில் இழுத்துக்கொண்டு கூடவே வந்தாள். வழியெல்லாம் ஒரு பாதம், ஒரு நீளக் கோடு, ஒரு பாதம், ஒரு நீளக் கோடு என்று விழுந்தது. அமேலி அதைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு போதும்.

ஆனால் வாய் திறக்க நேரம் பிடித்தது. ஸ்கூலில் பிடித்தவரை வரையச் சொன்னபோதெல்லாம் அவள் வரைந்து ஒட்டியது இந்தத் தாத்தாவைத்தான். தம்பி நிற்கிறான், ஆயா நிற்கிறாள். செம்மல் வரிசையைவிட்டு நகராமல் அப்படியே நிற்கிறான். அவனைப் பார்த்த பிறகு அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"தாத்தா, பிகிலுக்கு முன்னாடி பெருக்கினீங்க. பிகிலுக்கு அப்புறம் ஆயா உள்ள போய் வந்திருக்காங்க. ஆயா தடம் எங்க?"

தாத்தா மணலைப் பார்த்தார்.

"காத்துல அழிஞ்சிருக்கும்."

"காத்து அடிச்சிருந்தா துடைப்பக் கோடும் அழிஞ்சிருக்கும். கோடு அப்படியே இருக்கு. ஆயா வந்தப்புறம் யாரோ ரெண்டாவது தடவ பெருக்கியிருக்காங்க. ஆயா பாக்கும்போது டின் இருந்துச்சு. செம்மல் நடந்தது ரெண்டாவது தடவ பெருக்கின மணல் மேல. அவனும் கேனோட நின்னுட்டான். உள்ள போனவங்க தடம் ஒண்ணுகூட இல்ல. இங்க தடமே இல்லாம உள்ள போய் வரக்கூடிய ஆள் ஒருத்தர்தான், தாத்தா. துடைப்பம் வச்சிருந்தவரு."

இடுப்பில் கைவைத்து நின்ற ஆயா, தாத்தாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்குன்னும் எனக்குத் தெரியும்," என்று அமேலி தொடர்ந்தாள். "நேத்து நீங்க ஒத்திக பாத்தத நான் கேட்டேன். தப்பு பண்ணி ஒத்துக்கிட்ட பிள்ளையப் பத்தின பேச்சு. விடிஞ்சு பாத்தா எவனும் கேக்கைத் தொடல. திருடன் இல்லன்னா அந்தப் பேச்சு வீணாப் போயிடும்."

டின் தாத்தாவின் ராணுவப் பைக்குள், மடித்த போர்வைக்கு நடுவில் இருந்தது. ஆயா திறந்து பார்த்தாள். ஒரு துண்டு குறைந்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரரான தாத்தாவைப் பார்த்தாள். அதைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்பது போல மூடினாள்.

கம்பளிக் கிடங்கில் அத்தனை வருஷம் யாராலும் அசைக்கமுடியாத மனிதர் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவனாவது ஒருத்தன் கை வைப்பான் என்று நம்பிப் படுத்ததாகவும், மூன்று பேரும் யோக்கியர்களாக இருந்து தொலைத்தது தனக்கு ஏமாற்றமாகிவிட்டதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு கேவலம் என்று அவருக்கே உறைத்தது. விறைப்பாக நின்று செம்மலைப் பார்த்தார்.

"நாந்தான்டா எடுத்தேன். கொடி உன்துதான்."

"எங்கப்பாகிட்ட நீங்களே வந்து சொல்லணும்," என்றான் செம்மல். "அப்பதான் புடிப்பேன்."

தாத்தா நடந்தார். பெருக்கிய மணலை மிதித்துக்கொண்டே நடந்தார். பிள்ளைகள் பின்னால் போனார்கள். வேனுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். டின், துடைப்பம், மன்னிப்பு தருகிறேன் என்று பையனை மடக்கியது, அவன் மறுத்தது எல்லாம். இராமதாஸ் துணியைக் கையில் பிழிந்தபடியே கேட்டார். கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. பிறகு அது எங்கோ பாதியில் நின்றது.

"ஒத்துக்கிட்டா கொடி தர்றேன்னு சொல்லியுமா மாமா ஒத்துக்கல?"

"ஒத்துக்கல."

"பரிசும் தர்றேன்னீங்களா?"

"சொன்னேன்."

இராமதாஸ் மகனைப் பார்த்தார். வேன் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

தாத்தா மறுபடியும் சொன்னார். இந்த முறை குரல் கொஞ்சம் ஏறியது. கள் இறக்கிவிட்டு வந்த இரண்டு பேர் நின்று கேட்டார்கள். அவர்களுக்காக மூன்றாம் முறை, பீரங்கிக் குரலில், என் பேரன் என்று ஆரம்பித்தார். எடுக்காததை எடுத்தேன் என்று சொன்னால்தான் பொய் என்று அவன் சொன்ன இடம் வந்தபோது தாத்தாவுக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. பையனின் நேர்மையைச் சோதிக்கவே டின்னை எடுத்து ஒளித்து வைத்ததாக அடுத்த வரி வந்தது.

அமேலி இருமினாள்.

தாத்தா அந்த வரியைத் திருத்திச் சொன்னார்.