இழுத்தால் இறுகுவது

குளியலறைச் சுவர் முழுதும் வெளுத்துவிட்டது, ஒரு டைலைத் தவிர. குழாய்க்கு நேர் கீழே, உள்ளங்கை அளவில் ஒரு பழுப்புத் திட்டு. காலையிலிருந்து பிரேமலா பிளீச் ஊற்றிப் பார்த்தாள், கம்பி நார் போட்டுத் தேய்த்தாள். கடைசியில் தம்பி செல்வா, வாடகைக்கு எடுத்து வந்த பெட்ரோல் மெஷினை உறுமவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தான். சுவரின் சேறெல்லாம் ஓடியது. திட்டு ஓடவில்லை. சற்று அகலமாகியிருந்தது.

வெள்ளம் வடிந்து மூன்று நாள். மலேசியாவின் கோத்தா திங்கியில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்க ஆற்றுச் சேறும் ஊறிய மெத்தையும் செத்த மீனும் கலந்த வாடை. மின்சாரம் இன்னும் வரவில்லை. மாலை நான்கு மணிக்கே வானம் கறுத்து, வீட்டுக்குள் சாம்பல் வெளிச்சம்தான் மிச்சம். பிரேமலாவுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய்ச் சாக்கடையில் நீர் ஏறுகிறதா என்று பார்ப்பாள், திரும்பி வந்து திட்டைப் பார்ப்பாள், மறுபடி வாசலுக்குப் போவாள்.

நான்காவது முறை திரும்பி வந்தபோதுதான் கவனித்தாள். மெஷின் நின்றிருந்த அந்த இரண்டு நிமிடத்தில் திட்டின் ஓரம் தளர்ந்து, நத்தை போல ஒரு விரற்கடை கீழே நழுவியிருந்தது. செல்வா மெஷினை முடுக்கினான். திட்டு தன்னைத் தானே தட்டையாக்கிக்கொண்டு சுவரோடு சுவராகப் பதிந்தது.

"தண்ணி அடிச்சாத்தான் பிடிக்குதுடா," என்றாள்.

"அக்கா, ரெண்டு நாளா நீ தூங்கலை. அதான்." செல்வா சிரித்தான். "லேப்ல மூத்திரத்துல பூச்சி எண்ணி எண்ணி, சுவத்துலயும் பூச்சி தெரியுது உனக்கு. தள்ளு லா, நகத்தால சுரண்டினா வந்துடும்."

மெஷினை அணைத்துவிட்டு வலது கையைத் திட்டின்மேல் வைத்தான்.

மழை கூரைத் தகரத்தில் மெல்லத் தொடங்கியது.

"அக்கா."

அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"கை வரமாட்டேங்குது."

அவன் இழுத்தான். மணிக்கட்டுத் தோல் கூடாரம் போல் எழும்பியது. உள்ளங்கை அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இன்னொரு முறை இழுத்தான். பழுப்பு அவன் விரல்களுக்கு இடையே ஊர்ந்து புறங்கைக்கு வந்தது. பிரேமலா பதறிப்போய் குழாயைத் திறந்தாள். தண்ணீர் அவன் கைமேல் கொட்டிய அதே கணம் செல்வா அலறினான்.

குழாயை மூடினாள். மூடிய பிறகுதான், பத்து வருடமாகத் தன் வேலையில் தினமும் பார்ப்பது அவளுக்கு நினைவு வந்தது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் சர்க்கரை இழைகளால் போர்த்தப்பட்டிருக்கிறது. சிறுநீர்ப் பையில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு முடியைவிட மெல்லிய கரங்கள் உண்டு. கரத்தின் நுனியில் ஒரு புரதம், அதில் ஒரு சின்னக் குழி. நம் செல்லின் இழைகளில் இருக்கும் மேனோஸ் என்கிற சர்க்கரை அந்தக் குழியில் கச்சிதமாக உட்காரும். சும்மா இருந்தால் பிடி தளர்வுதான். சிறுநீர் வேகமாக வந்து அடித்துச் செல்லப் பார்க்கும்போது புரதம் நீள்கிறது, நீளும்போது குழி சர்க்கரையின் மேல் இறுக மூடிக்கொள்கிறது. சுருக்கு முடிச்சு மாதிரி. கழுவிக் கழுவித் துரத்தும் இடத்தில் வாழப் பழகியது அது. அதனால் கழுவுவதையே தன் பிடியாக்கிக்கொண்டது.

ஆனால் அது கண்ணுக்குத் தெரியாதது. இது அவள் தம்பியின் கையை விழுங்கிக்கொண்டிருந்தது.

"செல்வா, இழுக்காத. செத்தவன் கை மாதிரி விடு."

"திங்கக்கிழமை வேலைக்குப் போகணும்க்கா. வெல்டிங். இந்தக் கை இல்லன்னா சிங்கப்பூர்ல என்னைய எதுக்கு எடுப்பான்?"

"வாய மூடிட்டு கைய விடுடா!"

அவன் கண்ணை மூடினான். தோள் தொங்கியது. பத்து எண்ணினாள். இருபது. சுண்டுவிரல் நுனி மெல்ல விடுபட்டது.

அப்போது தரைச் சாக்கடை குமிழியிட்டது.

ஒரு முறை. மறுபடியும். கறுத்த நீர் சல்லடை வழியே பொங்கித் தரையில் ஓடத் தொடங்கியது. ஆறு திரும்புகிறது. திட்டின் வால் சுவர் வழியே தரைவரை இறங்கியிருந்ததை அவள் இப்போதுதான் பார்த்தாள். ஓடும் நீர் வாலை இழுத்தது. சுண்டுவிரல் மறுபடி உள்ளே போயிற்று. செல்வா பல்லைக் கடித்தான்.

நீரை நிறுத்த முடியாது. அப்படியானால் பிடிக்க வேறொன்று கொடுக்க வேண்டும்.

சமையலறைக்கு ஓடினாள். வெள்ளம் எட்டாத மேல் அலமாரி. சீனி டின் கையில் பட்டது. ஆகாது, அந்தக் கரத்துக்கு இந்தச் சர்க்கரை தெரியாது. பின்னால் துழாவினாள். ஆப்ப மாவு புளிக்கப் போடும் ஈஸ்ட், மூன்று பாக்கெட். ஈஸ்டின் மேலுறை முழுக்க மேனோஸ்தான். கல்லூரியில் அவள் செய்த முதல் சோதனை அது. கண்ணாடித் துண்டில் பாக்டீரியா ஒரு சொட்டு, ஈஸ்ட் ஒரு சொட்டு. சதையென்று நம்பி அது ஈஸ்டைக் கட்டிப்பிடிக்கும், பால் திரிந்தாற்போல் ஆகும்.

ஒரு பாக்கெட்டைக் கோப்பையில் குழைத்து, அவன் மணிக்கட்டிலிருந்து விரல்வரை அப்பினாள்.

காத்திருந்தார்கள்.

பழுப்பு சிலிர்த்தது. திரிந்தது. ஈஸ்டின் மேல் கட்டிகட்டியாகக் குவிந்தது. ஒவ்வொரு விரலாக விட்டது.

கை வந்துவிட்டது. ரத்தமில்லை, காயமில்லை. செல்வா விரலை மடக்கினான், நீட்டினான், அழுகையும் சிரிப்புமாக "அலமாக், அம்மாடி!" என்றான். பிறகு கையைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பினான்.

"அக்கா, ரேகை எங்க?"

உள்ளங்கை வழுவழுவென்றிருந்தது. கட்டைவிரல் முட்டை ஓடு மாதிரி.

சுவரில் ஈஸ்ட் புளித்து எழும்பிக்கொண்டிருந்தது. முதலில் உருண்டை. பிறகு ஐந்து விரல். ஒவ்வொரு விரல் நுனியிலும் ரேகைகள், தெளிவாக, சுழிசுழியாக. அது விரலை மடக்கியது. நீட்டியது.

பிரேமலா பின்வாங்கினாள். வலது கால் நகர்ந்தது.

இடது கால் நகரவில்லை.

கறுத்த நீர் கணுக்காலைச் சுற்றி ஓடியது. அடியில் ஏதோ அவள் பாதத்தைத் தடவி, தனக்கான இடத்தைக் கண்டுபிடித்து, இறுகியது.

அவள் இழுக்கவில்லை.

"செல்வா, தண்ணிய விட்டு வெளிய போய் நில்லு. ரெண்டாவது பாக்கெட்ட குழைச்சு என் கால்ல பூசு. மூணாவதப் பிரிச்சு கையில வெச்சுக்க." அவள் குரல் அமைதியாகத்தான் இருந்தது. "பயப்படாத. பிடிக்க வேற ஒண்ணு கொடுத்தா விட்டுடும். கொடுத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."