கொடிகள் பிடித்த உருவம்

காலையில் கொடிகளுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு அவள் விட்டிருந்த இடைவெளி, கல்லூரியிலிருந்து திரும்பியபோது விரல்கூட நுழையாதபடி சுருங்கியிருந்தது. கொடி காய்ந்தால் இறுகும். சிற்பம் படிக்கும் அவளுக்கு அது தெரியாததல்ல. ஆனால் இவை காயவேயில்லை. ஓடைக்கரையில் வெட்டி வந்து வாரங்களாகியும் தொட்டால் ஈரம் ஒட்டியது. பின்னறை முழுக்கப் பச்சைப் பட்டையின் வாடை; அதற்கடியில் பால் திரிந்தது போல இன்னொரு வாடை.

ஓர் ஆள் மண்டியிட்டால் கொள்ளுமளவுக்குக் கொடியும் சுள்ளியும் வேரும் பின்னிய திறந்த சிற்பம். அதற்கு மூடிய பரப்பு கிடையாது. குச்சிகளுக்கு நடுவே நிற்கும் வெற்றிடம்தான் உருவம். அந்த வெற்றிடம்தான் அவளுக்கு வசப்படவில்லை. பேராசிரியர் சொன்னதைக் கேட்டு வகுப்பே சிரித்திருந்தது: "கூடை நல்லா முடைஞ்சிருக்கம்மா. காய்கறி போட்டு வைக்கலாம்."

குனிந்து உள்ளே பார்த்தாள். சுள்ளிகள் இடம் மாறியிருந்தன. தாமாக வளைந்து, விலகி, ஒரு காலியிடத்தைச் சுற்றி நின்றன. கூன் விழுந்த முதுகு. நான்கு கால். விறைத்த வால். பக்கத்து வீட்டுப் பூனை. ஒரு மயிர்கூட மிச்சமில்லை. அது இருந்த இடம் மட்டும், கத்தத் திறந்த வாய் உட்பட, அப்படியே இருந்தது.

ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை அழகாக அவள் கை ஒருநாளும் எதையும் செய்ததில்லை.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். அக்கா. ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வருகிறாள். அம்மா போன பிறகு இவளை வளர்த்தவள்.

"என்னடி, இன்னும் இந்தக் கோழிக்கூட்டையே கட்டிக்கிட்டு அழறியா?"

பக்கவாட்டில் கொடிகள் மெல்ல விலகின. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு.

"கொஞ்சம் உள்ள உக்காருக்கா. அளவு பாக்கணும்." சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று உறைத்தது.

"காலு விட்டுப்போச்சுடி. நாளைக்குப் பாக்கலாம்."

"ஒரே நிமிஷம். எனக்காக."

எனக்காக என்றால் அக்கா மறுத்ததே இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய் மண்டியிட்டாள். "ஏய், முதுகுல என்னமோ குத்துது." பிறகு, சிரிக்காமல், "இறுக்குதுடி. எடு."

கொடி வெட்டும் கத்தரி தங்கை கையில்தான் இருந்தது. ஒரு வெட்டு போதும். வெட்டிவிடலாம். ஆனால் அக்காவின் தோளைச் சுற்றி வந்த அந்த வளைவு. இன்னும் கொஞ்சம். அந்த வளைவு மட்டும் முடியட்டும்.

"பாப்பா..."

சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். சுள்ளி எதுவும் முறியவில்லை.

அப்புறம்தான் வெட்டினாள். கதறிக்கொண்டு, கண்மண் தெரியாமல். வெட்டிய முனைகள் அவள் மணிக்கட்டில் வெதுவெதுப்பாகச் சொட்டின. உள்ளே யாரும் இல்லை. மண்டியிட்ட ஒரு பெண்ணின் காலியிடம் மட்டும். தோள். கொண்டை. நீட்டிய கை.

கத்தரி நழுவித் தரையில் விழுந்தது.

சத்தம் கேட்டு, அந்தக் காலி முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது.