முப்பத்தேழாம் பிளேடு

ஒரு தட்டுத் தட்டினால் ஒரு பதில்தான் வர வேண்டும். பித்தளைச் சுத்தியலால் டர்பைன் சக்கரத்தின் ஒவ்வொரு பிளேடையும் மெல்லத் தட்டி, அது கணீரென்று ஒலிக்கிறதா, கீறல் விழுந்த சட்டி மாதிரி மொத்தென்று கேட்கிறதா என்று பார்ப்பது இசோகாயின் வேலை. அன்று காலை முப்பத்தாறு பிளேடுகள் ஒழுங்காகப் பதில் சொல்லின. முப்பத்தேழாவது இரண்டு முறை ஒலித்தது.

கை தவறியிருக்கும் என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விரல் நகத்தால் ஒரே ஒரு முறை தட்டினான். டக், டக்.

மலையைக் குடைந்த அந்தச் சோதனைக் குகைக்குள் பத்து நாள் மழை சுவர் வழியாகக் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. குண்டு விமானங்களுக்குப் பயந்து ஜெட் எஞ்சினைத் துறைமுகத்திலிருந்து புகையிலைக் கிடங்குகள் நிறைந்த இந்த மலையடிவாரத்துக்குத் தூக்கி வந்து மூன்று மாதமாகிறது. புகையிலை நெடியும், பெட்ரோலுக்குப் பதிலாக எரிக்கும் பைன் வேர் எண்ணெயின் பிசின் நெடியும் சோற்றில்கூட ஏறிவிட்டன. இசோகாய்க்கு அதெல்லாம் பழகிவிட்டது. பழகாத நெடி ஒன்று ஒன்பது நாளாக அந்த முப்பத்தேழின் மேல் இருந்தது. எத்தனை முறை கழுவியும் போகாத முடி கருகிய நெடி.

ஒன்பது நாளுக்கு முன்னால் அந்தப் பிளேடு தோகிதாவுக்குள் இருந்தது.

தோகிதா அவன் சிநேகிதன். எஞ்சினின் வெப்பமானியைப் படித்துச் சொல்பவன். மணல் மூட்டைக்குப் பின்னால் நின்றால் வெப்பமானி தெரியாது. அதனால் சக்கரத்துக்கு நேர் பக்கத்திலேயே நிற்பான். விபத்துக்கு முந்தைய மாலை இசோகாய், பிளேடுகளைப் பிடித்திருக்கும் ஆணிகளை மண்ணெண்ணெயால் நனைத்துத் துடைத்து, மேலே சுண்ணாம்புத் தூள் தூவிப் பார்த்தான். விரிசல் இருந்தால் அதில் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். முப்பத்தேழாம் ஆணியில் தெரிந்தது. முடி அளவுக் கோடு. மறுநாள் கடற்படைப் பெரியவர்கள் ஓட்டத்தைப் பார்க்க வருகிறார்கள், மாற்றுச் சக்கரம் கிடையாது, ஓட்டத்தை நிறுத்துகிறவன் துரோகி என்று அதிகாரி செகிமோத்தோ சொல்லியிருந்தார். இசோகாய் கட்டை விரலால் கோட்டை வழித்து விட்டான். பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை.

நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வேகத்தில் ஆணி அறுந்தது. செக்கச் சிவந்திருந்த பிளேடு எஞ்சினின் உறையைக் கிழித்துக்கொண்டு தோகிதாவின் நெஞ்சுக்குள் போய் முதுகெலும்பில் சிக்கிக்கொண்டது. அவன் களைத்துப்போனவன் மாதிரி உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், ஆவிதான் வந்தது. எஞ்சின் நின்ற பிறகும் அவன் சட்டைக்குள் சதை பொரிகிற சத்தம் நிற்கவில்லை.

பிளேடு உள்ளேயே இருக்க, ஆற்றங்கரையில் இரும்புத் தகட்டின் மேல் வைத்து எரித்தார்கள். தோகிதாவுக்குத் தங்கை நுயியைத் தவிர யாரும் இல்லை. மற்ற எல்லோரும் மார்ச் மாதம் தலைநகர் எரிந்தபோதே போய்விட்டார்கள். எலும்பு பொறுக்கும்போது ஒரே எலும்பை இருவர் குச்சிகளால் சேர்ந்து தூக்குவதுதான் சடங்கு என்பதால் மறுபக்கம் இசோகாய் நின்றான். பாதத்திலிருந்து மேலே வந்தார்கள். நெஞ்சுப் பகுதியில் குச்சி உலோகத்தில் மோதி டக், டக் என்றது.

"அண்ணன் இப்படித்தான்," என்றாள் நுயி. "சோத்துக் கிண்ணத்து ஓரத்துல சாப்பிடுற குச்சியால ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் வாயில வைப்பான். பசியைக் கூப்பிடுறியான்னு கேலி பண்ணுவேன்."

பின்னால் செகிமோத்தோ தகரப் பெட்டியோடு நின்றிருந்தார். "அதைக் கொண்டாய்யா. அதுல இருக்கிற நிக்கல் என்ன உன் கொல்லையிலயா விளையுது?"

நொறுங்கிய பக்கத்துப் பிளேடுகளுக்கு மாற்று இருந்தது. ஒன்றே ஒன்று குறைந்தது. சாம்பலிலிருந்து வந்தது வளையாமல், மேலே பொறித்த எண்கூட அழியாமல் இருந்ததால், புது ஆணி போட்டு அதன் பழைய இடத்திலேயே இறக்கினார்கள். ஆணியை அடித்தவன் இசோகாய்தான்.

இப்போது அந்தப் புது ஆணியை மண்ணெண்ணெயால் நனைத்துத் துடைத்து, மேலே சுண்ணாம்புத் தூளைத் தூவினான். காத்திருந்தான். வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. போன தடவை இருந்த அதே இடம், அதே சாய்வு.

"இசோகாய் அண்ணே, சாப்பிட்டீங்களா?"

நுயி வாசலில் நின்றாள். தலையில் தோகிதாவின் தொப்பி.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"வெப்பமானி பார்க்க. ஆள் இல்லைன்னாங்க. நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"இன்னிக்கு வேண்டாம் நுயி. அங்க நிக்காதே."

"அண்ணன் நின்ன இடம்தானே? சக்கரத்தைச் சோதிச்சது நீங்க. அப்புறம் எனக்கென்ன பயம்?"

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் செகிமோத்தோ குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"சக்கரம் எப்படிய்யா இருக்கு?"

"ஒரு பிளேடு சரியாப் பேசல ஐயா."

"பிளேடு பேசுதா? சோயாப் புண்ணாக்கைத் தின்னுட்டு மூணு நாளா எனக்கும்தான் வயிறு பேசுது. விரிசல் இருக்கா, இல்லையா? இருக்குன்னா, போன தடவையும் இருந்துச்சான்னு ராணுவ போலீஸ் உன்கிட்டதான் வந்து கேக்கும்."

இசோகாய் நுயியைப் பார்த்தான். அவள் தொப்பியை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கட்டை விரல் தானாக நகர்ந்து, கோட்டை வழித்தது.

"இல்லை ஐயா."

பத்து மணிக்கு எஞ்சினைக் கிளப்பினார்கள். முதலில் பெருமூச்சு, அப்புறம் விசில், அப்புறம் பல்லின் வேர்வரை கூசுகிற ஊளை. பிசின் புகை கண்ணைக் கரித்தது. எஞ்சின் குழாயின் பின்வாய் சிவந்து குகைச் சுவரில் நுயியின் நிழல் பெரிதாக எழுந்தது. பக்கத்தில் இன்னொரு நிழல். அங்கே வேறு யாரும் நிற்கவில்லை. இசோகாய் மணல் மூட்டைக்குப் பின்னால் குந்தி, காதைப் பொத்திக்கொண்டான். பொத்திய காதுக்குள், அத்தனை ஊளைக்கும் அடியில், பொறுமையாக, டக், டக்.

எட்டாயிரம் சுற்று. ஒன்பது.

நுயி விரல்களை உயர்த்தி வெப்பத்தைக் காட்டினாள். சிரித்தாள்.

பத்து.

எழுந்தான். கத்தினான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பதினொன்று.

தொப்பிதான் முதலில் பறந்தது. பிறகு ரத்தம் சுவரில் அடித்து அங்கேயே கொதித்தது. அவள் அண்ணனைப் போலவே, களைத்தவள் மாதிரி, உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள், ஆற்றங்கரையில் மழை சற்று விட்டிருந்தது. சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. மற்றவர்கள் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்ததால் யாரும் வரவில்லை. சொந்தம் என்று சொல்ல அவளுக்கு யாரும் மிச்சமில்லை. செகிமோத்தோ மட்டும் கரைமேட்டில் குடைக்குக் கீழே தகரப் பெட்டியோடு நின்றார்.

"சீக்கிரம்யா. சக்கரம் காத்துக்கிட்டிருக்கு."

"ரெண்டாவது ஆள் வேணும் ஐயா. இதை ஒருத்தன் எடுக்கக் கூடாது."

"எலும்பை அப்புறம் பாரு. எனக்கு வேண்டியதை மட்டும் எடு."

இசோகாய் குனிந்தான். நெஞ்சுப் பகுதியில் சாம்பலை விலக்கினான். முப்பத்தேழு. வளையவில்லை, எண்ணும் அழியவில்லை. குச்சிகளால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். நழுவி விழுந்தது. மறுபடி பிடித்தான். மறுபடி விழுந்தது. அவனுக்கு அழுகை வந்தது. நான்தான், நான்தான் வழித்தேன் என்று சாம்பலிடம் சொன்னான். சொல்ல வேண்டிய நாளில் வராத வார்த்தை இப்போது எவ்வளவு சுலபமாக வந்தது.

எரித்த இரும்புத் தகட்டின் எதிர் ஓரத்தில் சத்தம் கேட்டது.

டக், டக்.

பிளேடின் மறுமுனை எழுந்தது. நிதானமாக, மரியாதையாக, எதிரில் ஒருவர் குச்சியால் பிடித்துத் தூக்குவது போல. அவன் முனையும் அதோடு சேர்ந்து எழுந்தது. விரல்களைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை.

"என்னய்யா அங்க முழிச்சுக்கிட்டு நிக்கிறே? பெட்டியில போடு."

பிளேடு பெட்டிப் பக்கம் திரும்பவில்லை. சாம்பலுக்கு மேலே, ஈர வெளிச்சத்தில், அதன் நுனி சிவக்கத் தொடங்கியது. சிவந்துகொண்டே அவன் நெஞ்சை நோக்கி மெல்லத் திரும்பியது.