பாக்குவெட்டி மர்மமும் சங்கத்துச் செயலாளரும்

ஒரே புத்தகத்தை இரண்டு கைகள் பிடித்திருந்தன. ஒன்றில் கண்ணாடி வளையல். மற்றதில் முழுக்கைச் சட்டை... அதுவும் மலாக்கா வெயிலில்.

"நான்தான் முதல்ல எடுத்தேன், சார்," என்றாள் சுசீலா.

முழுக்கைச் சட்டை சட்டென்று பின்வாங்கியது. 'பாக்குவெட்டி மர்மம்' என்ற அந்தத் துப்பறியும் நாவலுக்கும் தனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும், இத்தகைய மலிவுச் சரக்கைக் கண்டித்துத் தீர்மானம் போடவே எடுத்துப் பார்த்ததாகவும் மேடைத் தமிழில் விளக்கினான் அவன். பெயர் தனபாலன். தமிழ் வாசகர் சங்கச் செயலாளர்.

புங்கா ராயா சாலையில் இருந்த அந்தப் புத்தகக் கடைக்காரர் அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறார். இருப்பதையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். தோட்டப் பள்ளி ஆசிரியை சுசீலாவுக்கு அன்றைக்கே தீபாவளி. கோழி வளர்ப்பு, கைரேகை, ஆங்கிலத்தில் மோட்டார் ரிப்பேர், பக்திப் பாடல்கள், பர்மாப் பயணம், ஊறுகாய் வகைகள்... ஒவ்வொன்றிலும் நின்றபடியே ஒரு பக்கம் படித்து, சிரித்து, முகர்ந்து பார்த்து, சாக்கில் போட்டாள். எதை விடுவது? எதையும் விட மனசில்லை.

தனபாலனோ தையற்காரர் நாடாவால் புத்தகங்களை அளந்துகொண்டிருந்தான். சுங்கை பாத்து ரப்பர் தோட்டத்தில் மறுநாள் வாசகசாலைத் திறப்பு விழா. அங்கே கண்ணாடி அலமாரி தயார். அதற்குச் சிவப்பு அட்டையில், ஒரே உயரத்தில் புத்தகங்கள் வேண்டும். சுங்கை பாத்து சுசீலா வேலை பார்க்கும் தோட்டம்தான். அந்த அலமாரிச் சாவியைத் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி தம்புசாமி இடுப்பில் முடிந்து வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும். கைபட்டால் புத்தகம் அழுக்காகிவிடுமாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புத்தகத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா, சார்?"

"உயரம் ஒன்றாக இருந்தால்தான் பார்வைக்கு அழகு."

"படிக்கிறதுக்கு?"

கோபத்தில் அவள் கண்கள், மழை இறங்குவதற்குச் சற்று முன் கறுக்கும் வானம்போல் இருந்தன. சங்கச் செயலாளர் நாடாவைக் கீழே தவறவிட்டார்.

இருவருக்கும் ஒரே பஸ். அவள் முன்னே, சாக்கோடு. அவன் பின்னே, சிவப்புக் கட்டுகளோடு. வழியெல்லாம் மழை. ஒரு முறை அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் உடனே ரப்பர் மரங்களை ஆராய ஆரம்பித்தான்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளை அடக்க அவசரகாலம் வந்ததிலிருந்து தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. வெளியே போகிறவர்களிடம் அரிசியைத் தேடுவார்கள், உள்ளே வருகிறவர்களிடம் அச்சடித்த காகிதத்தை. வாசலில் காவல் நின்ற சாமிக்கண்ணு சாக்கைக் கவிழ்த்தான். செயலாளரை வரவேற்க மாலையோடு வந்திருந்த தம்புசாமியும் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், ஒரே ஆளு கோழியும் படிச்சி, மோட்டாரும் படிச்சி, கைரேகையும் படிக்குமா? இது பல பேருக்குப் போற மூட்டைலா. காட்டுல இருக்கிறவனுங்களுக்கா?" என்றான் சாமிக்கண்ணு.

"ஒருத்திக்குப் பல ஆசை இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு, அண்ணே?"

சாமிக்கண்ணுவுக்குச் சட்டம் தெரியாது, உத்தரவுதான் தெரியும். மூட்டை ஸ்டேஷனுக்குப் போகட்டும் என்றான். ஸ்டேஷனுக்குப் போன காகிதம் எதுவும் திரும்பி வந்ததாகத் தோட்டத்தில் யாருக்கும் நினைவில்லை.

தம்புசாமி பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். சங்கத்துப் புத்தகம் என்று செயலாளர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சோதனையே கிடையாது. எல்லாம் அவருடைய அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

சுசீலா அவர் இடுப்புச் சாவியைக் கைநீட்டிக் காட்டினாள்.

"உங்க இடுப்புச் சாவிக்காகவா சாமி, ஒரு வருஷமா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்தேன்? ஸ்டேஷனுக்கே போகட்டும்."

தனபாலன் தலையை ஆட்டினால் முடிந்தது. நாளைக்குப் பூமாலை, மேடை, தோட்டத்துத் துரையின் கைகுலுக்கல்... மலிவு நூல்களைக் கண்டித்து அவன் மனப்பாடம் செய்திருந்த பேச்சு. அவன் அவள் கண்களைப் பார்த்தான். அந்த வானத்தில் இப்போது மழை இறங்கியே விட்டிருந்தது.

"ஒரே ஆளு படிக்கலாம், அண்ணே," என்றான். மேடைத் தமிழ் எங்கே போனதோ. "நானே படிப்பேன். கைரேகை, ஊறுகாய், எல்லாம்."

"நீங்களா?" தம்புசாமியின் கையிலிருந்த மாலை சற்றே தாழ்ந்தது.

சாமிக்கண்ணு 'பாக்குவெட்டி மர்ம'த்தைத் தூக்கிக் காட்டினான். "அப்ப இதுல என்ன கதை, சொல்லுங்க."

தனபாலன் சொன்னான்... பூட்டிய அறை, பாக்குவெட்டியில் ரத்தம், கிணற்றில் கிடைத்த ஒற்றைச் செருப்பு... கைகளை ஆட்டி, குரலைத் தாழ்த்தி, சட்டை நனைவதுகூடத் தெரியாமல் சொன்னான். துப்பாக்கியைத் தோளில் சாய்த்துவிட்டுச் சாமிக்கண்ணு வாயைப் பிளந்து நின்றான். இந்த மனுசனுக்குள்ளே இப்படி ஒருத்தனா என்று சுசீலா பார்த்தாள்.

"கொலை பண்ணது யாருலா?"

"சித்தப்பா."

"நெனச்சேன்," என்றான் சாமிக்கண்ணு, பரம திருப்தியோடு. மூட்டை உள்ளே போனது. தம்புசாமி மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, துப்பறியும் கதை படிக்கிறவரை மேடையில் ஏற்றுவதைப் பற்றிக் கமிட்டி கூடித்தான் முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஆலமரத்தடியில் சுசீலா சட்டென்று நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தான் பாவம்.

"கொலைகாரனைச் சொல்லிட்டீங்களே, சார். இனிமே நான் எதுக்குப் படிக்கணும்? இதுக்கு ஸ்டேஷனே மேல்."

தனபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"சித்தப்பா இல்லைங்க டீச்சர்."

"என்னது?"

"அவன்கிட்டப் பொய் சொன்னேன். நீங்க இன்னும் படிக்கலையே... உங்களுக்கு முடிவைக் கெடுக்க மனசு வரல." கொஞ்சம் நிறுத்தினான். "கடையில நாடா கீழே விழுந்ததிலிருந்தே எனக்கு அந்த மனசுதான்."

மழை வலுத்தது. சுசீலா சாக்குக்குள் கைவிட்டு, கோழி வளர்ப்புப் புத்தகத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இதுல கொலைகாரன் யாரும் இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள படிச்சிட்டு நீங்களே கொண்டாந்து குடுங்க," என்றாள். "அளந்து பார்க்காம."