பெயர் கேட்காமல் கொடுத்த இடம்

புகை கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து ஒழுங்காக மேலே ஏறி, கூரையின் கோரைக்குள் நுழைந்து காணாமல் போய்க்கொண்டிருந்த புகை, வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில், என்ன நினைத்ததோ, தரைக்கு இறங்கியது. அடுப்பைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, துஷாந்தினியின் பாதங்களைத் தடவிக்கொண்டு, வாசலில் தொங்கிய தோல் திரைவரை போய் முழங்கால் உயரத்தில் நின்றது. திரைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தும் வெளியே போகவில்லை. கர்க்லாண்டில் அவர்கள் வீடென்றால் இந்நேரம் புகை காட்டும் கருவி கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். இங்கே கத்துவதற்கு ஒன்றுமில்லை.

இல்-பிசார் தீவில், ஆற்றை ஒட்டிய ஒரு வயலில், அதேமாதிரி இன்னும் சில வீடுகளோடு அந்த வட்ட வீடு நின்றது. தடிகளைப் பின்னி, களியும் சாணியும் வைக்கோலும் குழைத்துப் பூசிய சுவர். கூம்பு வைத்த கோரைக் கூரை. யன்னல் இல்லை, புகைபோக்கி இல்லை, நட்டநடுவில் அடுப்பு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு ஐரோப்பாவில் கெல்ட்டியர் என்ற சனங்கள் இப்படித்தான் குடியிருந்தார்களாம். அவர்களைப் போல உடுத்து, சமைத்து, இரும்படித்து, வார இறுதிகளில் வாழ்ந்து பார்க்கிற ஒரு கூட்டம் கட்டிய வீடு அது. அந்தக் கூட்டத்தில் ஒரேயொரு தமிழன், துஷாந்தினியின் புருஷன் இரவிச்சந்திரன். வாரநாளில் லொங்குய்யில் கணினிக்கு முன்னால் குந்தியிருக்கிற மனிதன், சனிக்கிழமை வந்தால் போதும், தலைமயிரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்துக் குத்திட வைத்துக்கொண்டு, சாரம்போலக் கட்டம்போட்ட கம்பளியைத் தோளில் ஊசி குத்திப் போர்த்திக்கொண்டு புறப்பட்டுவிடுவான். கெல்ட்டியப் போர்வீரர் தலைக்கு அப்படித்தான் செய்வார்களாம். இரவு பக்கத்தில் படுத்தால் புதிதாய் வெள்ளையடித்த சுவர் மணக்கும். ஆசை வெட்கமறியாது என்பார்கள். இவனுடைய ஆசை அயலட்டையையும் அறியவில்லை.

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே பொறுத்திருந்தாள், போன கிழமைவரை. போன கிழமை அவள் அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. மண்டபம் நிறையச் சனம். அன்றைக்கென்று பார்த்து அவன் வெண்கலம் உருக்கப் போய்விட்டான். "இவர் எங்கை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் காய்ச்சல், காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளுக்கே உடம்பு சுட்டது. அன்றிலிருந்து அவனோடு கதைக்கவில்லை. சோறு போட்டாள், தேத்தண்ணி வைத்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் அவன் குசினி வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்கு ஒருக்கா என்னோடை வந்து பாருமன் துஷா. உமக்குப் பிடிக்காட்டில் நான் இதை விட்டிடுறன்."

அவளுக்கு அவன்மேல் கொள்ளை அன்பு. அன்பு அவ்வளவு இருந்தபடியால்தான் கோபமும் அவ்வளவு இருந்தது. அதனால்தான் வந்தாள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு, இந்த வீட்டு மனைவியாக வேஷம் போட்டு, பார்க்க வந்த சனத்துக்கு வாற்கோதுமைக் கஞ்சி வார்த்தாள். உறைப்பில்லாத அந்தக் கஞ்சியைப் பார்க்கவே பாவமாயிருந்தது. சனம் கலைந்து தனியாகக் கிடைத்ததும் அவனோடு கதைத்து இந்தச் சண்டையை முடித்துவிட வேண்டும். அவள் மனதில் வேறு ஒன்றுமே இருக்கவில்லை.

கூட்டத்தின் தலைவி கிஸ்லேன் குனிந்து உள்ளே வந்தாள். ஒருகாலத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. வயது போனாலும் அந்தக் குரல் போகவில்லை. துஷாந்தினிக்கு விளங்கட்டும் என்று பிரெஞ்சை நிதானமாகப் பேசினாள். கெல்ட்டியருக்குப் பழைய வருடம் செத்துப் புதுசு பிறக்கிற நாளாம் இது. இப்போது எல்லா அடுப்பையும் அணைத்துவிடுவார்கள். ஆற்றங்கரையில் கட்டையைக் கடைந்து புது நெருப்பு எடுப்பார்கள். அதை அந்தந்த வீட்டு ஆண்பிள்ளை கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

"அதுவரை நீ இருட்டில் தனியாக இருப்பாய். யார் வந்தாலும் வாசலில் நிறுத்திப் பெயரைக் கேள். மற்ற நாட்களில் விருந்தாளிக்கு முதலில் சாப்பாடு, பெயர் பிறகுதான். இன்றைக்கு மட்டும் எங்கள் வழக்கம் வேறு. செத்தவர்களும் வீடு தேடி அலைகிற நாள். தன் பெயரைச் சொல்ல முடிந்தவன்தான் உயிரோடு இருக்கிறவன். பெயர் சொல்லாதவனுக்கு அடுப்படியில் இடம் கொடுக்காதே."

"என்ரை அவரிடமுமா?" என்று கேட்டாள் துஷாந்தினி.

"அவனிடம் கட்டாயம்."

கிஸ்லேன் சிரித்தாள். துஷாந்தினியும் சிரித்துவைத்தாள். பிறகு கிஸ்லேன் ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். வீடே ஒருமுறை சீறி, அடங்கியது. பேச்சுக்குரல்கள் வயலைக் கடந்து ஆற்றுப்பக்கம் போயின.

இருட்டு.

முதலில் அது வெறும் இருட்டாகத்தான் இருந்தது. நனைந்த சாம்பலின் புளித்த வாடை, கம்பளியில் ஊறிய ஆட்டு மணம், சட்டியில் இன்னும் சூடாயிருந்த கஞ்சியின் மணம் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அவள் மூக்குக்கு வந்தன. கூரைக்குள் எலியோ காற்றோ ஏதோ ஒன்று கோரையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகக் கோதிக்கொண்டு போனது. உயரத்தில் வாத்துக் கூட்டமொன்று கத்திக்கொண்டு தெற்கே போக, அதற்கும் மேலே டோர்வலில் இறங்கப்போகிற விமானம் ஒன்று இரைந்து ஓய்ந்தது. ஆற்றங்கரையில் பறைமாதிரி ஏதோ ஒன்றை டும், டும் என்று தட்டத் தொடங்கினார்கள். கைத்தொலைபேசி காருக்குள் இருந்தது. கெல்ட்டியருக்கு அதெல்லாம் ஆகாதாம். சின்னப்பிள்ளை மாதிரிப் பயப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவனிடம் என்னவென்று பெயர் கேட்பது? கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா அப்பாவைக் கூப்பிட்ட மாதிரி, இவளும் "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுவாள். மருந்துக்கடையில் நாலு பேரை மேய்க்கிறவள், பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறவள், ஆனால் எங்காவது புருஷனின் பெயரைக் கேட்டால் எழுதிக் காட்டிவிட்டுச் சிரிப்பாள். கூட வேலை செய்கிற பெண்கள் பகிடி பண்ணுவார்கள். பழகிப்போனது, அதில் ஒரு செல்லமும் இருந்தது, விடவில்லை. அப்படிப்பட்டவள், ஒரு கிழமை மௌனத்துக்குப் பிறகு, முதல் வார்த்தையாக அவனைப் பார்த்து நீங்கள் ஆர் என்று கேட்பதா? நல்லாய் இருக்கும்! சண்டை தீர்ந்த மாதிரித்தான்.

திரை விலகியது.

காலடிச் சத்தம் கேட்கவில்லை. குளிர் முதலில் வந்தது, அதன் பிறகு ஈரக் கம்பளியின் வாடையும் ஆற்றுச் சேற்றின் வாடையும். வாசலில் இருட்டு ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. அது உள்ளே வரவில்லை. நின்றது. பெயரைக் கேட்கட்டும் என்று காத்து நிற்கிற மாதிரி நின்றது.

அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பாவம், நெருப்பு எடுக்கிறவரை பொறுக்காமல் ஓடிவந்துவிட்டான் என்று நினைத்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "ஏன் வாசலிலை நிக்கிறியள்? உள்ளுக்கை வாங்கோ. வந்து இருங்கோ."

வந்தது. இருந்தது. அடுப்புக்கு இடப்பக்கம், வீட்டு ஆண்பிள்ளை இருக்கிற இடத்தில், அவளுக்குப் பக்கத்தில். பலகை முனகியது.

"நெருப்பு எங்கை? இன்னும் எடுக்கேல்லையே?"

பதில் இல்லை. கோபமாக்கும் என்று நினைத்தாள். மரக் கோப்பையில் கஞ்சியை வார்த்து இருட்டில் நீட்டினாள். வாங்கிய விரல்கள் சில்லிட்டிருந்தன. ஆற்றங்கரைக் குளிர் அப்படி. சூட்டோடு சூடாக, ஊதாமல், இடையில் மூச்சு வாங்காமல் குடிக்கிற சத்தம் கேட்டது. பசி, பாவம். காலையில் பாணும் தின்னாமல் ஓடின மனிதன். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடட்டே?"

கோப்பை அவள் கையைத் தேடி வந்தது. வார்த்தாள். பிறகு இருட்டு தந்த துணிச்சலில், கிழமை முழுக்கத் தொண்டையில் நின்றதெல்லாம் கொட்டியது.

"நான் கதைக்காமல் இருந்தது பிழைதான். எனக்கு அண்டைக்கு வெக்கமாப் போச்சு, அவ்வளவுதான். நீங்கள் சனியும் ஞாயிறும் இல்லாமல் அந்த வீட்டிலை நான் தனிய இருந்து என்ன செய்யிறது, சொல்லுங்கோ. இரும்படிக்கிறது உங்களுக்குச் சந்தோஷமெண்டால் அடியுங்கோ. ஆனால் என்னை விட்டிட்டுப் போகாதையுங்கோ. கேட்டதோ?"

"ஓம்."

அவனுடைய குரல்தான். அவளுக்கு அழுகை வந்தது. கம்பளி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆறுதலாக, நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தாள்.

சாம்பல். கஞ்சி. ஈரக் கம்பளி. சேறு.

சுண்ணாம்பு மணம் இல்லை.

காலையில் அவள் கண்முன்னால்தான் தலையைத் தோய்த்தான். காரெல்லாம் மணந்தது. இந்த வீட்டுக்குள் நாள் முழுக்க மணந்தது. மறுபடியும் இழுத்தாள். இல்லை. பக்கத்தில் கோப்பையின் அடியை நகத்தால் சுரண்டுகிற சத்தம்.

அப்போது பறை நின்றது. ஆற்றங்கரையில் ஆரவாரம் கிளம்பியது. கைதட்டல், சிரிப்பு. வயலில் ஈரப் புல்லை மிதித்துக்கொண்டு ஓடிவருகிற கால்கள். திரைக்கு அடியில் செம்மஞ்சள் வெளிச்சம் ஆடியது.

"துஷா!"

அதே குரல். வெளியே.

பக்கத்தில் சுரண்டல் நின்றது.

திரையை விலக்கிக்கொண்டு இரவிச்சந்திரன் நின்றான். கையில் பந்தம். குத்திட்ட வெள்ளைத் தலைமயிர், தொங்கு மீசை, ஓடிவந்த இளைப்பு, வாய் கொள்ளாத சிரிப்பு. பந்தத்தின் வெளிச்சம் அடுப்புவரை வந்தது. அவள் மடிவரை வந்தது. அவளுக்குப் பக்கத்தில் வரவில்லை. அங்கே இருட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

அவன் அதைக் காணவில்லை. உள்ளே கால் வைக்கவும் இல்லை. நல்ல பிள்ளை மாதிரி வழக்கத்தைக் காத்து நின்றான்.

"கேளுமன் துஷா," என்று இரகசியமாகச் சொன்னான். "பேர் கேட்டால்தானே நான் உள்ளுக்கு வரலாம்."

கேட்டுவிட்டால் சரி. அவன் சொல்லிவிட்டால் சரி. உள்ளே வந்துவிடுவான். கையைப் பிடித்துக்கொண்டு ஓடலாம். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. பிய்த்தெடுத்தாள்.

"நீங்கள்... ஆர்?"

"நான்," என்றான் அவன் சிரித்தபடி. "நான்..."

நின்றான். சிரிப்பு முகத்தில் கிடந்தது, கண்கள் மட்டும் அங்குமிங்கும் தேடின. வாய் திறந்தது. மூடியது. சட்டைப்பையில் சாவியைத் தேடுகிறவன் மாதிரி மற்றக் கை தன் நெஞ்சைத் தடவியது.

"நான்... பொறும்... நான்..."

"இரவிச்சந்திரன்," என்றது அவளுக்குப் பக்கத்தில் இருந்தது.

வாய் நிறையக் கஞ்சியோடு சொன்னது.

அவள் கத்தினாள். வெறும் கத்தலாகப் போகாமல் அதைப் பெயராக்கினாள். இத்தனை வருடம் சொல்லாத பெயர். வாசலைப் பார்த்து, அவன் முகத்தைப் பார்த்து, அவனுக்கென்று, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"இரவிச்சந்திரன்! இரவிச்சந்திரன்!"

வாசலில் நின்றவன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். யாரைக் கூப்பிடுகிறாள் என்று பார்த்தான். இருண்ட வயல்தான் கிடந்தது.

"ஓம், துஷா," என்றது பக்கத்தில்.

வாசலில் நின்றவன் மறுபடி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை, பயமில்லை, அவளும் இல்லை. தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவனின் சங்கடம் மட்டுமே இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றான். அவளை நீர் என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். "வீடு மாறி வந்திட்டன்போலை. குறை நினையாதையுங்கோ."

மரியாதையாகத் தலை குனிந்தான். திரையைக் கவனமாக இழுத்து மூடினான். ஈரப் புல்லில் காலடிகள். நிதானமாக. ஆற்றங்கரைச் சிரிப்புக்கு எதிர்த்திசையில், ஒன்றுமே இல்லாத பக்கமாக.

எழும்பப் பார்த்தாள். எழும்ப முடியவில்லை. மடியில் கிடந்த அவள் கை பிடிபட்டிருந்தது.

"போகாதையுங்கோ!" என்றாள் வெளிச்சத்தைப் பார்த்து. குரல் திரைவரைகூடப் போகவில்லை. திரைக்கு அடியில் செம்மஞ்சள் ஒரு கோடாகியது. கோடு மெலிந்தது. போயே போய்விட்டது.

"நான் இனி எங்கையும் போகமாட்டன்," என்றது அவனுடைய குரல், அவள் காதோடு, அவ்வளவு அன்பாக. "சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை."

சில்லிட்ட விரல்கள் அவள் விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாக நுழைந்து கோத்துக்கொண்டன. ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. அவளுடைய விரல்கள் எல்லாம் முடிந்த பிறகும் அவை வந்துகொண்டேயிருந்தன.