நஞ்சுண்டன் அடித்த கை

தொண்ணூற்றாறாம் வருஷம், ஐப்பசி. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே பெயின்ட் அறைக்குள் நாச்சியம்மாள் முதல்முறையாகக் காலெடுத்து வைத்தாள். புருஷன் நஞ்சுண்டன் மாரடைப்பில் போய் மூன்று மாதம் ஆகிறது. அவன் பார்த்த வேலையை இவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

தின்னர் வாடை மூக்கைத் துளைத்தது. அறை நடுவே ரோபோ. உடம்பு கிடையாது, ஒற்றைக் கைதான். நுனியில் ஸ்ப்ரே கன்.

"இதுக்குத் தானா ஒண்ணுமே தெரியாதுங்க," என்றார் இன்ஜினியர் அழகிரிசாமி. "கையப் புடிச்சு ஒருக்கா அடிச்சுக் காட்டோணும். அப்படியே மனசுல வாங்கிக்கும். காட்டிக் குடுத்தது உங்க ஊட்டுக்காரருங்க. அவராட்டம் அடிக்க ஆளே இல்லீங்க."

அடிப்பான். அது அவளுக்குத் தெரியாதா என்ன!

சுவிட்சைப் போட்டார். கை எழுந்தது. மணிக்கட்டை ஒரு உதறு உதறிக்கொண்டு பம்பின்மேல் பாய்ந்தது.

நாச்சியம்மாள் இரண்டடி பின்னால் போனாள். அவளை அடிக்கும் முன்னால் அவன் உதறுவானே, அதே உதறல். பாவி, செத்தும் விடவில்லையே!

"ஏனுங்க, இதை அழிச்சுப்போடுங்க. இல்லாட்டி எனக்கு வேலையே வேண்டாமுங்க."

வேலை போனால் மகள் லோகப்பிரியாவுக்குச் சோறில்லை. இருந்தாலும் அவனோடு இன்னொரு நாள் இருக்க அவளால் ஆகாது.

அழகிரிசாமி அழித்தார். கரண்டை நிறுத்தினார். "இனி நீங்களே காட்டிக் குடுங்க அம்மணி."

சில்லென்றிருந்த அந்தக் கையைப் பிடித்தாள். முதல் பம்புக்கு அவள் இழுத்த இழுப்புக்கு வந்தது.

இரண்டாவது பம்புக்கு அது அவளை இழுத்தது.

விட்டுவிடப் பார்த்தாள். விரல்கள் பிரியவில்லை.

அழகிரிசாமி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. அவள் தோள் மட்டும் மரத்துப்போயிருந்தது.

மறுபடி சுவிட்சைப் போட்டதும் ரோபோ பதவிசாக அடித்தது. உதறல் இல்லவே இல்லை.

"பாத்தீங்களா, அவுரு சுத்தமா போயிட்டாருங்க!"

கல்யாணமான ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டில் லோகப்பிரியா பால் டம்ளரைத் தட்டிவிட்டாள்.

"போகுது உடு கண்ணு," என்று சொல்லிக்கொண்டே, துடைக்கத் துணி எடுக்கக் கொடியை நோக்கிக் கையைத் தூக்கினாள் நாச்சியம்மாள். மணிக்கட்டு தானாக ஒரு உதறு உதறியது.

பிள்ளை சுவரோடு ஒண்டிக்கொண்டது. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டது. கண் மட்டும் அவள் முகத்தையே பார்த்தது.

"அப்பா... அடிக்காதீங்க."